பாட்டும் அதன் சொற்றுணையும்

யான் கல்லூரி வாழ்வில் அடியெடுத்து வைத்த முதலாண்டில் நிகழ்ந்த ஒரு சிறு செய்தியைக் கூறி இவ்வியாசத்தைத் தொடங்குகின்றேன். அவ்வாண்டு விழாவில் ஓர் அம்மையார் மிக இனிமையாகக் கச்சேரி செய்தார். மறுநாள், அதைக் குறித்து ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி வருமாறு வகுப்பில் பணிக்கப்பட்டது. யான் கிராமத்துப் பிள்ளை. எங்கள் ஊர்ப் பஜனை மடத்தில் இளமைதொட்டுப் பாட்டுக் கேட்டு வளர்ந்தவன். எனவே, மற்றையோர் அம்மையாரின் பட்டுச் சேலையையும் விழாப் பந்தலையும் வருணித்திருக்க, யான் ஒருவனே அவரது பாட்டைப்பற்றி உள்ளபடி எழுதினேன் என்று உள்ளூரப் பெருமை கொண்டிருந்தேன். யான் எழுதியிருந்தது இது: ‘ஷி புட் தாளம் வெரி வெல், ஹெர் சுருதி வாஸ் ஜாயினிங் நைஸ்லி.’

ஆசிரியர் அதனை உரக்கப் படித்தார். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆசிரியர் தீய எண்ணமுடையவரல்லர். சிரித்த நண்பர்களும் மறுநாளே அதனை மறந்திருப்பர். யானோ அன்றுதொட்டு ஓராண்டு காலம் அவ்வகுப்பில் யானாக வாய் திறந்ததில்லை. பாட்டைப்பற்றி ஏதேனும் அறிந்திருந்த ஒரு மாணவன் பேசாதொழிந்தான், அறியாதவர் பேசினர். இவ்விழப்பு என் ஒருவனோடு முடிந்துவிட்டதாயின் இதனை இங்கே எழுதப் புகேன். பின்னாளில் யானே ஆங்கிலம் கற்பிக்கும் தொழிலை மேற்கொண்டபொழுது, ஆண்டுதோறும் என் வகுப்பின் கடைசி வரிசையில் அந்த மௌனத்தைக் கண்டு வருகின்றேன். ஆதலின் அதன் காரணத்தையும் பரிகாரத்தையும் குறித்து என் அபிப்பிராயத்தை மாணவரும் ஆசிரியரும் பழைய மாணவரும் அறியக் கூறுதல் கடமையென எண்ணுகின்றேன்.

என் வாக்கியத்தில் நேர்ந்த பிழைதான் யாது? எழுவாய், பயனிலை, காலம் என்பவற்றில் கண்டிக்கத்தக்க குற்றம் யாதுமில்லை. ‘புட்’ என்பதும் ‘ஜாயின்’ என்பதும் அகராதியில் உள்ள நல்ல சொற்களே. குற்றம் சொல்லில் இல்லை. சொல்லுக்குச் சேர்த்த துணையில் இருந்தது. தமிழர் தாளம் போடுவர்; ஆங்கிலேயர் ‘கீப் டைம்’ என்பர், அஃதாவது காலத்தைக் காப்பர். நாம் சுருதி சேர்ந்தது என்போம். அவர் ‘இன் ட்யூன்’ என்பர். விலகினால் ‘அவுட் ஆஃப் ட்யூன்’ என்பர். இவ்வாறு ஒரு சொல் தன்னோடு வழக்கமாகச் சேர்ந்து நடக்கும் மற்றொரு சொல்லைத் துணையாகக் கொள்வதை யான் சொற்றுணை என்று குறிக்கின்றேன். ஓர் ஆங்கிலேயர் நம்மிடம் வந்து, ‘அந்த அம்மையார் தாளத்தை நன்றாகக் காத்தார்’ என்றால் நாமும் புன்னகை செய்வோமல்லவா? அவர் செய்ததும் யான் செய்ததும் ஒரே பிழை.

இதனை எனக்கு விளக்கி என் நாவின் கட்டை அவிழ்த்தவர் ஆங்கில ஆசிரியரல்லர், தமிழாசிரியரே. என் மௌனத்தின் காரணத்தைக் கேட்டறிந்த அப்பெரியார் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைத் திறந்து, கிளவியாக்கத்தில் ஒரு சூத்திரத்தைக் காட்டினார். வெவ்வேறு வினைகளுக்கு உரிய பல பொருள்களை ஒருங்கே தழுவி நிற்கும் பொதுச்சொல்லை, அவற்றுள் ஒன்றற்கே உரிய வினையால் முடித்தலாகாது என்பது அதன் கருத்து. உரையாசிரியர்கள் இதற்கு உணவையும் அணிகலனையும் இசைக்கருவியையும் உதாரணமாகக் கொண்டனர். அடிசில் என்பது உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன எல்லாவற்றிற்கும் பொது. அவ்வாறே இயம் என்பது கொட்டுவனவற்றிற்கும் ஊதுவனவற்றிற்கும் பொது. குழலை ஊதலாம், முழவைக் கொட்டலாம், ஆனால் இயத்தை ஊதினார் என்றல் வழு, இயம்பினார் என்றாற்போலப் பொதுவினை கொடுத்தே முடித்தல் வேண்டும். பின்வந்த நன்னூலாரும் இவ்விதியை உடன்பட்டுக் கூறினர். ‘அப்பா, எந்தச் சொல்லுக்கு எந்த வினை துணை என்று நம் முன்னோர் இசைக்கருவியை வைத்தே இலக்கணம் வகுத்தனர், நீ செய்தது மூடத்தனமன்று, மரபு வழு, மரபைக் கேட்டுக் கேட்டுத்தான் அறியவேண்டும்’ என்றார் அப்பெரியார். மூடத்தனம் என்றால் வெட்கப்படலாம். மரபு வழு என்றால் திருத்திக் கொள்ளலாம். அந்த ஒரு சொல் வேறுபாடு எனக்கு மீண்டும் பேச்சைத் தந்தது.

ஆங்கில நூல்களைப் புரட்டிய பின்னரும் இவ்வுண்மையே வலியுற்றது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹாரல்டு பாமர் என்பார் ஆங்கிலச் சொற்சேர்க்கைகளைத் தொகுத்து 1933-ஆம் ஆண்டில் டோக்கியோவில் ஓர் அறிக்கை வெளியிட்டார். அவரோடு உழைத்த ஹார்ன்பி என்பார் அயல்மொழியாளருக்கென்றே ஆக்கிய அகராதி 1942-இல் அந்நகரிலேயே முதலில் வெளிவந்தது. சொற்சேர்க்கையை மொழிநூற் கொள்கையாக 1951-ல் எடுத்து மொழிந்த ஃபர்த் என்பார் 1920-களில் லாகூரில் ஆசிரியராக இருந்தவர். இன்றோ, சொற்சேர்க்கைக்கென்றே ஆக்ஸ்போர்டு அச்சகத்தார் 2002-ல் வெளியிட்ட தனி அகராதி உண்டு. இவ்வறிஞர்கள் கீழ்த்திசை நாடுகளில் ஆங்கிலம் கற்பித்தவர்கள் என்பதைக் கவனிக்க. தாய்மொழியாளனுக்குத் தன் சொற்றுணை கண்ணுக்குத் தெரிவதில்லை. அயலான் தடுக்கி விழும்பொழுதுதான் அங்கே ஒரு படி இருப்பது தெரிய வருகின்றது.

இனிப் பாட்டைப்பற்றி ஆங்கிலேயர் பேசும் முறையில் நம் மாணவர் பெரும்பாலும் இடறும் இடங்கள் சிலவற்றைப் பார்ப்போம். கச்சேரி தொடங்குமுன் பாடகர் தொண்டையைக் கனைத்துக் கொள்கின்றார். ஆங்கிலத்தில் அவர் தொண்டையைத் துப்புரவு செய்கின்றார். ‘கிளியர் ஹிஸ் த்ரோட்’ என்பது வழக்கு. முதல்நாள் மிகுதியாகப் பாடிய காரணத்தால் நமக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். அவருக்கோ குரல் தொலைந்துபோம். ‘லாஸ்ட் ஹிஸ் வாய்ஸ்’ என்பர். ‘மை த்ரோட் இஸ் டைட்’ என்று எழுதிய மாணவனை யான் அறிவேன். தொண்டை கிழியக் கத்துவதை அவர் ‘அட் த டாப் ஆஃப் ஹிஸ் வாய்ஸ்’, அஃதாவது குரலின் உச்சியில் நின்று என்பர். இங்கே மற்றொரு தடையும் உண்டு. நாம் ‘உயர்ந்த குரலில்’ என்றால் பெரும்பாலும் உரத்த குரலைக் கருதுகின்றோம். ஆங்கிலத்தில் ‘ஹை’ என்பது ஸ்தாயியையும், ‘லவுட்’ என்பது உரப்பையும் குறிக்கும். மெல்ல ஒலிக்கும் குரலும் அவர்க்கு ‘ஹை’ ஆகலாம். பழந்தமிழ் இசை நூலார் மூன்று ஸ்தாயிகளையும் மெலிவு, சமன், வலிவு என வலிமையால் அளந்தனர். ஆங்கிலேயர் ஏணிபோல உயரத்தால் அளக்கின்றனர். ஒரே ஒலியை அளக்க இரு கோல்கள்; அவ்வளவே.

மேல் ஸ்தாயி ஸ்வரத்தை எட்டுவதை அவர் ‘ஹிட் எ ஹை நோட்’ என்பர். ‘ஹிட்’ என்பதை அடித்தல் என்று பெயர்த்தால் நம் காதுக்கு நாராசமாகும். நம் பாடகர் மேல் ஷட்ஜத்தைத் தொடுவார், பிடிப்பார், அதில் நிற்பார், கார்வை கொடுப்பார், அடிக்க மாட்டார். இவ்வேறுபாடு வெறும் சொல் வேறுபாடன்று என்பது என் கருத்து. ஐந்து கோடுகளின்மேல் புள்ளியிட்டு எழுதிய ஸ்வரத்தைக் குறிதவறாது எய்தல் அவர் சங்கீதத்தின் ஒழுக்கம். ஸ்வரத்தை அசைத்தும் வளைத்தும் கமகத்தோடு பாடுதல் நம் சங்கீதத்தின் ஒழுக்கம். எய்தற்கு ஏற்ற வினை அங்கே. தொடுதற்கு ஏற்ற வினை இங்கே.

‘ட்யூன்’ என்னும் சொல்லோ பல துணைகளோடு பல பொருள் தரும். சுருதி பிசகாது பாடுதல் ‘இன் ட்யூன்’. மெட்டைப் பிடித்துப் பாடும் ஆற்றலின்மை ‘கெனாட் கேரி எ ட்யூன்’. ஒருமுறை கேட்டவுடன் நாவில் ஒட்டிக்கொள்வது ‘கேட்சி ட்யூன்’. வாய்மூடி இராகமிழுத்தல் ‘ஹம் எ ட்யூன்’. இக்கடைசித் தொடரை முணுமுணுத்தல் என்று பெயர்ப்பது இப்பொழுது பெருவழக்காயிற்று. எனினும் முணுமுணுப்பில் ஒரு மனக்குறை ஒலிக்கின்றது. அதனினும், வாய்க்குள்ளே பாடிக்கொள்ளுதல் என்பதே பொருந்தும். நெஞ்சைவிட்டு அகலாத இசையை அவர் ‘ஹாண்டிங் மெலடி’ என்பர். ஆவி நடமாடும் வீட்டிற்குச் சொல்லும் சொல்லே இதற்கும். திடீரென்று வாய்விட்டுப் பாடத் தொடங்குதல் ‘பர்ஸ்ட் இன்டு ஸாங்’. அழுகை வெடித்தலும் தீப்பற்றி எழுதலும் அவர்க்கு இவ்வச்சிலேயே அமையும். இதனால் ஒரு துணையை நன்கறிந்தவன் மூன்று தொடர்களை ஒருங்கே அறிந்தவனாகின்றான்.

கருவிகளின் செய்தியும் இவ்வாறே. வாசித்தல் என்பது இன்று வீணைக்கும் பிடிலுக்கும் மிருதங்கத்திற்கும் நாகஸ்வரத்திற்கும் பொதுவினையாய் நிற்கின்றது. மீட்டல், ஊதல், கொட்டல், முழக்கல் என்பன சிறப்பு வினைகள். ஆங்கிலத்தில் ‘பிளே’ என்பது பொதுவினை. பந்தாட்டத்திற்கும் நாடகத்திற்கும் அதுவே. இசைத்தட்டைச் சுழலவிடுதலும் அதுவே. நாமோ அங்கே பாட்டுப் போடுகின்றோம். ‘புட் எ ஸாங்’ என்று மாணவர் எழுதுவது இதனாலே. ‘புட் ஆன்’ என்று ஒரு சிறு சொல்லைச் சேர்த்துவிட்டால் அது குற்றமற்ற ஆங்கிலமாய்விடும். அவன் முற்றும் தவறினானில்லை. ஓரெட்டுக் குறைந்தான் என்பதை ஆசிரியர் எடுத்துக் கூறின், அம்மாணவன் முகம் மலர்வதைக் காணலாம்.

இரு மொழியும் தாமே ஒன்றுபடும் இடங்களும் உள. ஒருவன் புகழ் பாடுதல் இரு மொழியிலும் உண்டு. ஏடு பாராது காதாற் கேட்டே பாடவும் வாசிக்கவும் வல்லவனை அவர் ‘பை இயர்’ என்பர். நாம் கேள்வி ஞானம் உடையவன் என்போம். கருத்து ஒன்றாயினும் உருவம் வேறாகும் இடங்கள் அதனினும் சுவையுடையன. சொன்னதையே சொல்பவன் நமக்குப் பழைய பல்லவியைப் பாடுகின்றான். அவர்க்கு யாழின் ஒரே நரம்பைத் தடவுகின்றான். பிறர் சொல்லுக்கெல்லாம் ஆமென்பவனை நாம் ஒத்து ஊதுகின்றான் என்கின்றோம். நாகஸ்வரத்தின் பக்கத்தில் ஒரே சுருதியில் ஊதும் ஒத்துக்காரர் இல்லாத நாட்டில் இச்சொல் எங்ஙனம் பிறக்கும்? ஒருவர்க்குக் கீழ்ப்பட்டு நிற்பதை ஆங்கிலேயர் இரண்டாம் பிடில் வாசித்தல் என்பர். அது பிடில்கள் அணிவகுத்த அவர் நாட்டு வாத்தியக் குழுவிற் பிறந்த சொல்.

எனவே சொற்றுணை ஒவ்வொன்றும் ஒரு சிறு சரித்திரம். ‘ஆல்பம்’ என்னும் சொல்லைக் காண்க. பக்கத்திற்கு ஏறத்தாழ 3 நிமிடமே பாடிய பழைய இசைத்தட்டுக்கள் பலவற்றைப் புத்தகம்போல் கட்டிய உறைகளில் வைத்து விற்றமையால் அப்பெயர் வந்தது. 1948-ல் நீண்டநேரம் பாடும் தட்டு வந்து அப்புத்தகத்தை வேண்டாததாக்கியும், இன்று பாட்டுக்கள் கைப்பேசியில் காற்றின் வழியே வந்திறங்கியும், பெயர் நீங்கவில்லை. பாட்டைப் பதிவு செய்தலை ‘கட் எ ரிக்கார்டு’ என்பதும், தட்டில் ஊசியால் வரி வெட்டிய தொழிலின் நினைவே. நம்மிடத்தும் இத்தகைய சரித்திரம் உண்டு. முத்துஸ்வாமி தீக்ஷிதர் மேனாட்டு வாத்தியக் குழுவினர் வாசித்த மெட்டுக்களுக்கு வடமொழிச் சாகித்தியம் இயற்றினார். அவை நோட்டுஸ்வரம் என வழங்குகின்றன. அவ்வொரு தொடரில் ஆங்கிலச் சொல்லும் வடசொல்லும் கைகோத்து நிற்கின்றன. திரைப்படத் துறையினர் ‘ட்யூன் போட்டார்’ என்கின்றனர். சொல் இரவல், துணை நம்முடையது. தாளம் போட்ட வினையே ட்யூனையும் போட்டது. இதனைக் கொச்சை என்று தள்ளுவோர் தள்ளுக. அயற்சொல்லைத் தன் மரபுக்கு அடங்கச் செய்த மொழியின் வலிமை என்றே யான் கருதுகின்றேன்.

இதற்கு நேர்மாறானது ஒன்றுண்டு, அதுவே வருந்தத்தக்கது. சொற்களெல்லாம் தமிழாக இருக்க, துணை மட்டும் ஆங்கிலமாதல். ‘அவர் ஒரு சிறந்த கச்சேரியைக் கொடுத்தார்’, ‘அவள் உயர்ந்த குறிப்பை அடித்தாள்’, ‘இப்பாடல் இசைக்கு அமைக்கப்பட்டது’ என்பன போன்ற வாக்கியங்கள் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதால் விளைவன. ஒவ்வொரு சொல்லும் செந்தமிழ், வாக்கியமோ தமிழன்று. யான் முதலாண்டில் ஆங்கிலத்திற்குச் செய்த குற்றத்தையே இவை தமிழுக்குச் செய்கின்றன. அன்று என்னைப் பார்த்துச் சிரித்தனர். இன்று இவற்றைப் பார்த்துச் சிரிப்பார் இல்லை என்பதே வேற்றுமை. சிரிக்கவேண்டும் என்று யான் சொல்லவில்லை; செவி கூசவாவது வேண்டும்.

‘பொருள் விளங்கினாற் போதாதா? துணையைப்பற்றி இத்துணைக் கவலை எதற்கு?’ என்று சிலர் வினவுவர். அவர் வினாவில் நியாயம் உண்டு. என் வாக்கியத்தின் பொருள் அன்று வகுப்பிலிருந்த யாவர்க்கும் விளங்கியது. ஆதலின் அது நகைக்கத்தக்கதன்று. ஆனால் பொருள் விளங்குவதோடு மாணவனை நிறுத்திவிட்டால், அவன் வாழ்நாள் முழுதும் பிறர் பொறுத்துக் கேட்கும் பேச்சையே பேசுவான். பிறர் விரும்பிக் கேட்கும் பேச்சு அவனுக்கு எய்தாது. வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குச் சொற்றுணை தானாக வருகின்றது. கேளாத பிள்ளைக்கு அதைத் தரவேண்டிய இடம் கலாசாலை ஒன்றே. அங்கும் தராமல், இல்லாமைக்காக அவனை நகைப்பது அறமாகுமா? மற்றுஞ் சிலர், பட்டியலிட்டு மனப்பாடம் செய்வித்தால் போதும் என்பர். பட்டியல் பரீட்சைக்கு உதவலாம், நாவிற்கு உதவாது. சொற்றுணையைப் பாட்டுக் கற்பதுபோலவே கற்கவேண்டும். சங்கீதம் கற்பிப்போர் தனித்தனி ஸ்வரங்களை அகராதிபோல் ஒப்பிக்கச் செய்து நிறுத்துவதில்லை. சங்கதி சங்கதியாகப் பாடிக்காட்டித் திருப்பிப் பாடச் செய்கின்றனர். பிழைத்தால் சிரிப்பதில்லை, மீண்டும் பாடிக்காட்டுகின்றனர்.

ஆதலின் மூன்று காரியங்களை விண்ணப்பித்துக் கொள்கின்றேன். மாணவர் ஒவ்வொருவரும் ஒரு சிறு ஏடு வைத்துக் கொள்க. அதில் தனிச்சொல்லை எழுதாது, கேட்ட தொடரை அதன் துணையோடு முழுமையாக எழுதி, எதிர்ப்பக்கத்தில் அதற்கு நேரான தமிழ் வழக்கையும் எழுதுக. நேரான வழக்கு கிடைக்கவில்லையாயின் வீட்டிலுள்ள முதியோரைக் கேட்க. அவர்கள் நாவில் அது இருக்கும். இரண்டாவது, ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் மாதத்திற்கு ஒருமுறையேனும் ஒரே வகுப்பில் ஒருங்கிருந்து, பாட்டு, உணவு, உழவு, நோய் என ஒவ்வொரு விஷயமாக எடுத்து இரு மொழியின் மரபுகளையும் ஒப்பிட்டுக் காட்டுக. அவ்வகுப்பில் கிராமத்து மாணவன் வெறுங்கையோடு வந்தவனாகான். அவன் கொண்டுவந்த தமிழே அங்கே பாதி மூலதனம். மூன்றாவது, ஆசிரியப் பெருமக்கள் ஒரு மாணவனின் பிழையை நகைப்பிற்காக உரக்கப் படிக்கும் வழக்கத்தை ஒழித்துவிடுக. பிழையைப் படித்தல் தகும். அதன் பின்னே நின்ற மரபைக் காட்டாது விடுதல் தகாது.

என் பழைய காகிதத்தை யான் இன்னும் வைத்திருக்கின்றேன். ‘ஷி கெப்ட் டைம் வெரி வெல், அண்ட் ஸாங் இன் ட்யூன்’ என்று அதன் கீழே பின்னாளில் என் கையாலேயே திருத்தி எழுதியுள்ளேன். இரு வாக்கியங்களுக்கும் இடையே உள்ள தூரம் மூன்று நான்கு சொற்களே; அதைக் கடக்க எனக்கு ஓராண்டு பிடித்தது. இன்று கடைசி வரிசையில் வாய்மூடியிருக்கும் மாணவ நண்பருக்கு அது ஒரு மணி நேரத்தில் கூடுமாயின், இவ்வியாசம் எழுதிய பயனை யான் பெற்றவனாவேன்.